கருகமணியின் துளை

குரு வயதில் சின்னவர், சிஷ்யர் பெரியவர். பின்னால் குழப்பம் வேண்டாம் என்று இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குருவின் பெயர் சுலைகா. நாற்பத்திரண்டு வயது. கடற்கரை ஊர் ஒன்றில், பள்ளிவாசல் தெருவின் கடைசியில், தகரக் கொட்டகை போட்டுக் கண்ணாடி மணி செய்துகொண்டிருந்தார். சிஷ்யர் வைத்தியலிங்கப் பத்தர். ஐம்பத்தேழு. நகை செய்வதில் அந்த வட்டாரத்தில் பெயர் எடுத்தவர். அந்தப் பெயர் அவருக்கு முன்னால் நடந்து போகும். அவரும் அதற்கு வழிவிட்டுப் பின்னால் நடப்பார்.

அவர் சிஷ்யரானதே ஒரு சேதத்தால்தான். யாரோ கொடுத்த கண்ணாடி மணிமாலைக்குக் கொக்கி பற்றவைக்கப் போனார். ஊதுகுழலின் சூடு பட்டதும் மணி பட்டென்று வெடித்து அவர் மடியிலேயே விழுந்தது. நாற்பது வருஷம் தீயோடு இருந்தவருக்கு அது அவமானமாகப் போய்விட்டது. தங்கம் அவரிடம் ஒருநாளும் அப்படி நடந்துகொண்டதில்லை. உடைந்த மணியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சுலைகாவைத் தேடி வந்தார்.

"இது ஏன் வெடிச்சுது?"

"திடீர்னு சூடு காட்டினா வெடிக்கும்."

"தங்கம் வெடிக்காதே."

"இது தங்கம் இல்லையே, பத்தரே."

மறுநாளிலிருந்து வர ஆரம்பித்துவிட்டார். கடையை மகன் பார்த்துக்கொண்டான். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரைக் குருவே என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட மரியாதை விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் 'டீச்சரம்மா' என்று ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

முதல் நாளே கேள்வியோடுதான் உட்கார்ந்தார்.

"தங்கம்னா உரைகல் இருக்கு. உரசினா மாத்து தெரிஞ்சிரும். கண்ணாடி மணி நல்ல மணின்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது டீச்சரம்மா?"

சுலைகா ஜன்னல் கம்பியில் ஒரு நூலைக் கட்டினார். மறுமுனையை ஒரு மணியின் துளைக்குள் விட்டு, நூலை விறைப்பாக இழுத்துப் பத்தரின் இடது கையில் கொடுத்தார்.

"மணியை நூல் மேல முன்னயும் பின்னயும் இழுங்க."

பத்தர் மூன்று தடவை இழுத்தார்.

"இழுத்துட்டேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியலையே. சும்மா வழுக்கிட்டுப் போகுது."

சுலைகா கண்ணால் மணியையே காட்டினார்.

"எத்தனை தடவை இழுக்கணும்?" என்று பத்தர் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. பத்தர் டீயைக் குடித்தார், கேள்வியை மறந்தார். சுலைகா மறந்தாரா என்று எனக்குத் தெரியாது.

சுலைகா அவருக்குக் கொடுத்தது கறுப்புக் கண்ணாடிக் குச்சி மட்டும்தான். அலமாரியில் நீலம், பச்சை, தேன் நிறம், மாதுளை முத்து நிறம் என்று வரிசையாக நின்றன. விரத நாளில் மிட்டாய்க் கடை முன்னால் நிற்கிற மாதிரி பத்தர் அந்த அலமாரி முன்னால் நிற்பார்.

"அந்த நீலத்துல ஒண்ணே ஒண்ணு பண்ணிப் பாக்கட்டுமா?"

"கறுப்பு பண்ணுங்க."

"கறுப்புல என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதனாலதான்."

இப்படிப் பதில் சொன்னால் மனிதருக்கு எரிச்சல் வராதா? வந்தது. ஆனால் பத்தர் கிளம்பிப் போகவில்லை. அந்த மட்டில் அவர் நல்ல சிஷ்யர்.

கறுப்பு மணிக்கு அந்த ஊரில் தேவை இருந்தது. நிக்காஹ் அன்று மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ மணப்பெண்ணின் கழுத்தில் கருகமணி கட்டுவார்கள். எத்தனை சவரன் போட்டிருந்தாலும் அந்தக் கறுப்புச் சரம் ஏறினால்தான் கல்யாணம் நிறைந்தது என்று அர்த்தம். அதை அங்கே நூலில்தான் கோப்பார்கள். கம்பியில் கோப்பது வழக்கம் இல்லை.

மணி செய்யும் விதம் கேட்பதற்குச் சுலபம். மெல்லிய இரும்புக் கம்பியில் களிமண்ணைக் குழைத்துப் பூசிக் காயவைக்க வேண்டும். கண்ணாடிக் குச்சியின் நுனியைத் தீயில் காட்டினால் தேன் மாதிரி இளகும். அதைக் கம்பியின் மேல் சுற்றி, கம்பியை உருட்டிக்கொண்டே இருந்தால் மணி உருண்டு வரும். உடனே சூடான சாம்பல் பெட்டிக்குள் புதைத்துவிட வேண்டும். மறுநாள் காலையில் எடுத்தால் களிமண் உதிர்ந்து மணி கழன்று வரும். கம்பி இருந்த இடம்தான் துளை.

பத்தரின் கை நாற்பது வருஷக் கை. இரண்டே மாதத்தில் அவருடைய மணிகள் சுலைகாவின் மணிகளைவிட உருண்டையாக வந்தன. சுலைகாவே அதைச் சொன்னார். பத்தருக்கு ஒரே ஒரு குறை. மணியின் இரண்டு முனையும் துளைக்குள் லேசாக மடிந்து, தொப்புள் மாதிரி குழிந்திருக்கும். நகை வேலை பார்த்த கண்ணுக்கு அது முடிக்காமல் விட்ட வேலையாகத் தெரிந்தது. இடுப்பு முடிச்சில் சின்ன அரம் ஒன்று எப்போதும் இருக்கும். கை அடிக்கடி அங்கே போய்த் திரும்பும்.

ஒருநாள் சுலைகாவின் தங்கைக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. ஒரு வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது.

"மணி பண்ணி வைங்க. கோக்கிறதை நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன மூன்றாம் நாள் ஒரு அம்மாள் வந்தார். தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். கருகமணி வேண்டும்.

டீச்சரம்மா ஊரில் இல்லை என்று பத்தர் சொல்லியிருக்கலாம். "ஞாயித்துக்கிழமைதானே, ஆயிரும்" என்று சொன்னார்.

இரண்டு நாள் உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த அரத்தை எடுத்தார். ஒவ்வொரு மணியின் இரண்டு முனையையும் தட்டையாக ராவினார். தொப்புள் போய்விட்டது. நூலில் கோத்தபோது ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவில் இடமே தெரியவில்லை. கடைசியாகச் செய்த மணியை மட்டும் நூலில் மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு போனது. சரத்தைக் கையில் ஏந்தி வெயிலில் காட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வேலையைப் பார்த்துத் தானே கலங்குகிறவர்கள் உண்டு. பத்தர் அதில் சேர்த்தி.

வாங்க வந்த அம்மாளிடம் சொன்னார்: "இதைப் போடுற பொண்ணுகிட்டச் சொல்லுங்க. அவ பேத்தி காலம் வரைக்கும் இது அறாது."

சுலைகா திரும்பி வந்தபோது கல்யாணம் முடிந்திருந்தது.

"நூல்ல இழுத்துப் பாத்தீங்களா பத்தரே?"

"பாத்தேன், பாத்தேன்."

அது பொய் இல்லை. சுலைகா அவர் முகத்தைப் பார்த்தார். சரம் அவருடைய கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அவர் மேலே கேட்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம், இருபது இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி கொட்டகைக்குள் வந்தாள். துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கி, இரண்டு இடத்தில் ஊக்கு குத்தியிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"யாரும்மா?" என்றார் சுலைகா.

"நபீசா, லாத்தா" என்று அக்கா முறை வைத்துச் சொன்னாள். "போன மாசம் இங்கேருந்துதான் எனக்குக் கருகமணி வந்துச்சு."

கையிலிருந்த கைக்குட்டையை அவிழ்த்தாள். உள்ளே கறுப்பு மணிகள் கிடந்தன.

"அறுந்துருச்சு."

பத்தர் எழுந்து வந்துவிட்டார். ஒரு மணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மணியில் கீறல் இல்லை, விரிசல் இல்லை.

"மணி நல்லாத்தான் இருக்கு. நூல் சரியில்லம்மா. கடைக்காரன் பழைய சரக்கை நம்ம தலையில கட்டிட்டான்" என்றார்.

நபீசா தலையை ஆட்டினாள்.

"நூல் மேல குத்தம் சொல்லாதீங்க ஐயா. குத்தம் என்னுது."

"உன் குத்தம் என்ன?"

அவள் சுலைகாவைப் பார்த்தாள். சுலைகா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். கைக்குட்டையிலிருந்து ஒரு மணியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். பத்தர் அந்தச் சரம் கோக்க எடுத்த நூல்கண்டு அங்கேயேதான் இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டு அறுத்து ஜன்னல் கம்பியில் கட்டினார்.

நபீசா சொல்ல ஆரம்பித்தாள்.

"மச்சான் கப்பல்ல சமையல் வேலை பாக்குறாங்க. கல்யாணத்துக்கு ரெண்டு மாச லீவுன்னாங்க. ஒரு மாசத்துலயே கம்பெனியிலேருந்து கூப்பிட்டுட்டாங்க. கிளம்புறேன்னு பெட்டியை எடுத்தாங்க. எனக்கு ஆத்திரம். 'போங்க, போனா திரும்பி வரவே வேண்டாம்'னு சொல்லிட்டேன்."

சுலைகா மணியை நூலில் விட்டு, முன்னும் பின்னும் இழுக்கத் தொடங்கினார்.

"அவங்க சிரிச்சிட்டே போயிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலம் அடிகுழாய்ல தண்ணி பிடிக்கக் குனிஞ்சேன் லாத்தா. சரம் அப்படியே அறுந்து கொட்டிருச்சு. மூணு மணி சாக்கடையில போயிருச்சு. மத்ததைப் பொறுக்கிட்டேன்."

"உங்க மாமிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நாலு நாளா இந்தத் துப்பட்டாவை நான் கழட்டலை. தூங்கும்போதும் இப்படித்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு மச்சான் வீடியோவுல கூப்பிடுவாங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்றது? அவங்க நடுக்கடல்ல இருக்காங்க. நான் சொன்ன சொல்லு..."

துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பத்தரைப் பார்த்துச் சொன்னாள்.

"மதினி கட்டும்போதே சொன்னாங்க ஐயா. பேத்தி காலம் வரைக்கும் அறாதுன்னு செஞ்சவர் சொல்லி அனுப்பியிருக்காருன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ்வளவு கெட்டியான சரம், நான் நாக்கை விட்ட அன்னைக்கே அறுந்திருக்குன்னா, அது என்னாலதானே?"

பத்தர் கையிலிருந்த மணியைக் கைக்குட்டையில் திரும்ப வைத்தார்.

ஜன்னல் பக்கம் சின்னச் சத்தம் கேட்டது. மணி தரையில் விழுந்து உருண்டது. சுலைகா குனிந்து அதை எடுத்தார். நூலின் இரண்டு துண்டுகளையும் எடுத்தார். மூன்றையும் பத்தரின் பலகை மேல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். தீயைப் பற்றவைத்து மணி சுற்ற ஆரம்பித்தார்.

பத்தர் நூலைப் பார்த்தார். அறுந்த முனை பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. மணியை எடுத்துத் துளையின் விளிம்பில் விரல் நுனியை வைத்தார். அரம் ராவிய விளிம்பு. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு அழகு. விரலுக்குச் சவர பிளேடு மாதிரி இருந்தது.

நாற்பது வருஷமும் அவர் கோத்தது பொன் கம்பியில். கம்பியை எந்த விளிம்பும் ஒன்றும் செய்ததில்லை. மணிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்க்க அவருக்கு அவசியமே வந்ததில்லை. தொப்புள் மாதிரி உள்ளே மடிந்திருந்ததே, அந்த வழவழப்பில்தான் நூல் பத்திரமாக இருந்தது. முடிக்காத வேலை என்று அவர் ராவி எறிந்தது அதைத்தான்.

இப்போது அவர் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பெண் அவர்மேல் குறையே சொல்லவில்லை. புதிதாக ஒரு சரம் செய்து, கையில் கொடுத்து, "எல்லாம் சரியாப் போயிரும்மா, போ" என்று ஆசி சொல்லி அனுப்பியிருந்தால் அவள் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள். பத்தரின் பெயரும் வழக்கம்போல முன்னால் நடந்திருக்கும். அவர் அதை யோசித்தார். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சுலைகாவின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். சுலைகாவின் கண் தீயிலேயே இருந்தது.

"நபீசா" என்றார் பத்தர்.

"சொல்லுங்க ஐயா."

"உன் நாக்கால அறலைம்மா. என் அரத்தால அறுந்துது."

அவளுக்குப் புரியவில்லை. பத்தர் மணியை அவள் கையில் கொடுத்தார். விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். சுலைகா முன்பு செய்திருந்த மணி ஒன்றையும் கொடுத்துத் தடவச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அழகுக்காக ராவியது, டீச்சரம்மா இல்லாதபோது கோத்தது, சும்மா மூன்று தடவை இழுத்துப் பார்த்தது.

"கட்டின நாள்லேருந்தே இது நூலை அறுத்துட்டு இருந்திருக்கு. அன்னைக்கு நீ வாயே திறக்கலைன்னாலும் அறுந்திருக்கும். நூல் மட்டம்னு சொன்னேனே, அதுவும் பொய்தான். நல்ல நூல்."

நபீசா இரண்டு மணிகளையும் மாறி மாறித் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப நான் சொன்னதால இல்லையா?"

"இல்லம்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் ஊக்குகளைக் கழற்றினாள். துப்பட்டாவைத் தளர்த்தினாள். கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்து கிடந்தது.

"நாலு நாளா நான் சோறு திங்கலை ஐயா" என்றாள். குரல் உயரவில்லை. ஆனால் கோபம் இருந்தது. "ராவும்போது நீங்க இதை நினைச்சீங்களா?"

"இல்லம்மா. நினைக்கலை."

சுலைகா தீயைக் குறைத்தார்.

"என் கொட்டகையிலேருந்து போன சரம் அது. ஊர்லேருந்து வந்ததும் நான் உன் வீட்டுக்கு வந்து பாத்திருக்கணும். சந்தேகம் இருந்துது, ஆனா போகலை. அந்தக் குத்தம் என் மேல" என்றார்.

நபீசா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சுலைகா தன் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்தார். மீன் குழம்பும் சோறும் இருந்தன. நபீசா ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். பத்தர் வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார்.

கை கழுவிவிட்டு வந்து அவள் சொன்னாள்: "புதுச் சரம் வேண்டாம். மதினி கையால கட்டின மணிகள் இது. இதையே சரி பண்ணித் தாங்க."

"முடியுமா டீச்சரம்மா?" என்று பத்தர் கேட்டார்.

"முடியும். புதுசு பண்றதைவிடக் கஷ்டம்" என்றார் சுலைகா.

குளிர்ந்த மணியைத் தீயில் காட்டினால் என்ன ஆகும் என்று பத்தருக்குத் தெரியும். அவர் இந்தக் கொட்டகைக்கு வந்ததே அதனால்தான். மணிகளைச் சாம்பலோடு இரும்புச் சட்டியில் போட்டு, அடுப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துச் சூடேற்றினார். அரை நாள் ஆனது. பிறகு ஒவ்வொன்றாகக் களிமண் பூசிய கம்பியில் ஏற்றி, தீயின் ஓரத்தில் உருட்டி, விளிம்பு இளகி உள்ளே மடியும்வரை காத்திருந்து, மறுபடி சாம்பலில் புதைத்தார். ஒன்று முடிந்துதான் அடுத்தது. இரண்டாம் நாள் மத்தியானம் ஒன்றில் அவசரப்பட்டார். மணி பட்டென்று தெறித்தது.

அவர் சுலைகாவைப் பார்த்தார். சுலைகா ஒரு கறுப்புக் குச்சியை அவர் பக்கம் நகர்த்தினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நபீசா வந்தாள். துப்பட்டா சாதாரணமாகத் தோளில் கிடந்தது.

"மாமிகிட்டச் சொல்லிட்டேன் லாத்தா" என்றாள். "அவங்க கருகமணி நாலு தடவை அறுந்திருக்காம். நாலு தடவையும் மாமா வீட்டுல சம்மணம் போட்டுச் சாப்பிட்டுட்டுத்தான் இருந்தாராம். 'இதுக்காடி பட்டினி கிடந்தே'ன்னு திட்டினாங்க."

சுலைகா சிரித்தார். பத்தர் சரத்தை எடுத்துக் கொடுத்தார். முன்பு இருந்த மாதிரி அது ஒரே கயிறாகத் தெரியவில்லை. மணிக்கும் மணிக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி இருந்தது.

"தொலைஞ்சது மூணு. ஆனா புதுசு நாலு. ஒண்ணை நேத்து உடைச்சிட்டேன்" என்றார்.

"எது புதுசு?"

பத்தர் நாலையும் காட்டினார். அவள் தலையாட்டினாள். சரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மதினி வந்து கட்டிவிட வீட்டில் காத்திருப்பதாகச் சொன்னாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"இனிமே அறாதுல்ல ஐயா?"

பழைய பத்தராக இருந்தால் பதில் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். இப்போது சுலைகாவைப் பார்த்தார். சுலைகா ஒரு மணியைச் சாம்பலில் புதைப்பதில் மும்முரமாக இருந்தார். உண்மையிலேயே மும்முரமா என்பது வேறு விஷயம்.

"அறுந்துதான் போகும்மா" என்றார் பத்தர். "நூல்னா என்னைக்காவது ஒரு நாள் அறும். அறுந்தா கொண்டா. மறுபடி கோத்துத் தர்றேன். ஆனா அறுந்துருச்சேன்னு இனிமே பட்டினி கிடக்காதே."

நபீசா சரி என்றாள். போய்விட்டாள்.

பத்தர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். இடுப்பு முடிச்சிலிருந்து அரத்தை எடுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தார். பிறகு கேட்டார்.

"டீச்சரம்மா, முதல் நாள் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். எத்தனை தடவை இழுக்கணும்னு. நீங்க பதில் சொல்லவே இல்லை."

"டீ வந்துருச்சு."

"இப்பச் சொல்லுங்க. நூறு தடவை போதுமா? ஆயிரமா?"

சுலைகா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தார். தன் கழுத்தில் கிடந்த கருகமணியைக் காட்டினார். அது பழைய சரம். அவர் அசையவில்லை. பத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு உள்ளே போகும்போது மணிகள் மயிரிழை அளவு மேலே ஏறின. மூச்சு வெளியே வரும்போது இறங்கின.

"அந்தப் பொண்ணு எத்தனை மூச்சு விடுவாளோ, அத்தனை தடவை" என்றார் சுலைகா.

பத்தர் எழுந்தார். ஜன்னல் கம்பியில் ஒரு நூலைக் கட்டினார்.